வெற்றிலைக்காரர் தொண்டையில் வந்த வைரஸ்

புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ் வேலை என்றால், டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை நாம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மதியம் வரை சொல்ல வேண்டும். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததா!

பழி

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி, தொண்டைக் கட்டியோடு எங்கள் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாக்கு, புகையிலை, பீடி எதையும் தொடாதவர். ஆனாலும் சொந்தக்காரர்கள் வெற்றிலையையே குற்றம் சொல்ல, மகன் கொடிக்காலை அழிக்கக் கிளம்பிவிட்டான். சதைப் பரிசோதனையில், எச்.பி.வி. என்ற வைரஸால் டான்சிலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தது. அழுவார் என்று தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அவர் மகனைத்தான் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே, கேட்டியா? இனி கொடிக்கால்ல கை வச்சே, தெரியும் சேதி!”

பேச்சியம்மாள் கேட்டது

மறுநாள் அவர் மனைவி பேச்சியம்மாள் தனியாக வந்து, அந்த வைரஸ் எப்படித் தொற்றும் என்று கேட்டார். பெரும்பாலும் உடலுறவில்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன். பெரும்பாலானவர்களுக்கு எப்போதோ ஒட்டித் தானே போய்விடும், சிலருக்குத்தான் வருஷக்கணக்கில் தங்கிவிடும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். முந்தானையை முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் என் வாயால் உடையப் போகிறதோ என்று பயந்தேன். கடைசியில் எழுந்தார்.

“முதல்ல மனுசன் பிழைச்சு வரட்டும், தாயி. சண்டை போடுததுக்கும் ஆள் வேணும்லா?”

கட்டிக்குள் கூட்டம்

கட்டிக்குள் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் நிறையப் புகுந்திருக்கின்றன, வைரஸால் வரும் இந்த வகையில் அது நல்ல அடையாளம் என்றார் டாக்டர். அண்ணாச்சிக்கு நான் விளக்கினேன்: எதிரியைக் கண்டுபிடித்து வந்துவிட்டன, ஆனால் நாள்பட்டுப் போராடியதில் பல அணுக்கள் களைத்துப்போய்ச் சும்மா நிற்கின்றன, அதனால்தான் கதிர்வீச்சும் மருந்தும். அவர் தலையை ஆட்டினார்.

“எங்க தெருவுல சண்டைன்னாலும் இப்படித்தான். ஊரே கூடி நிக்கும், ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.”

ருசி

கதிர்வீச்சில் தொண்டை வெந்து, எச்சில் விழுங்கவே கண்ணீர் விட்டார். நாக்கில் ருசி செத்துப்போனது. பேச்சியம்மாள் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். அவர் தட்டிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஆற்றினார். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. அதைச் சொல்ல நான் வெளியே ஓடி வந்தால், அந்த அம்மாள் அதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர்.

“நேத்து மீன்குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு என்னைய வையுதாரு, தாயி!”

யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியதற்குச் சந்தோஷப்படுகிற பிழைப்பு, நம்முடையதை விட்டால் வேறு எது?