அசல் வட்டில் எழுதிய தேதி

போன வாரம் ஒரு கால்பந்து விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கணினியில் ஏற்றினேன். மழையில் இணையம் போய்விட்டது. உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்றது திரை. வாங்கியவனும் நான், வாசலில் நின்றவனும் நான். கோபத்துக்குப் பதில் சூடான பிளாஸ்டிக் வாசனைதான் நினைவுக்கு வந்தது. அன்வர் கடை வாசனை.

அன்வர் என் பள்ளித் தோழன். இரண்டாயிரமாவது ஆண்டுவாக்கில், வெல்டிங் வேலையை விட்டுவிட்டு, தண்டையார்பேட்டையில் தன் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கடை போட்டான். ஒரு டிவி, ஒரு மெஷின், இரண்டு பெஞ்சு. காசிமேட்டுக் காற்று மீன் வாசனையோடு உள்ளே வரும். மெஷின் சூடேறியதும் அந்த வாசனை பிளாஸ்டிக் வாசனையிடம் தோற்றுப் போகும். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். வேலை விட்டால் நேரே அங்கேதான். எந்த ஆட்டம் என்றைக்குக் கடைக்கு வந்தது என்று நோட்டில் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. எனக்கு அப்படியொரு வியாதி.

மெஷினில் கம்பெனி ஒரு பூட்டு வைத்திருந்தது. அசல் சிடி வட்டு போட்டால்தான் ஓடும். எங்களிடம் இருந்த அசல் ஒன்றே ஒன்று: கப்பலில் வேலை பார்த்த அன்வரின் மாமா வாங்கி வந்த கார் ரேஸ். மற்றதெல்லாம் நகல். தப்புதான், ஆனால் அசல் விற்கும் கடையை எங்கள் பக்கம் நான் பார்த்ததேயில்லை. மூடி திறந்திருப்பது மெஷினுக்குத் தெரியாதபடி அன்வர் ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகுவான். அசலைச் சுழலவிடுவான். மெஷின் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டு வேகம் தணியும் நொடியில் அதை எடுத்துவிட்டு நகலை வைப்பான். கார் ரேஸை யாரும் ஆடியதில்லை. அது எங்கள் சாவி.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களோடு ஞாயிற்றுக்கிழமை கால்பந்துப் போட்டி என்று அன்வர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கடைக்குப் பேர் கிடைக்காவிட்டால் மறுபடி வெல்டிங்தான் என்று அவன் அத்தா கறாராகச் சொல்லியிருந்தார். அவசரத்தில் அசலும் நகலும் மாறிவிடக் கூடாதே என்று, சனிக்கிழமை மாலை, அசலின் மேல்புறத்தில் அது வந்த தேதியைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன். வழவழப்பில் மை பிடிக்கவில்லை. அழுத்தி எழுதினேன். வருடத்தை நான்கு இலக்கமாகவே எழுதினேன். பதிவெல்லாம் மேல் அச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, அழுத்தி எழுதினால் கெட்டுவிடும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

ஞாயிறு காலை மெஷின் அசலையே ஏற்கவில்லை. அன்வர் வட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னாடா இது, தேதி?"

"அடையாளத்துக்கு, மாமு..."

"டேய், சாவுத் தேதி எழுதிக்கீறே!"

உள்ளறை வாசலில் அவன் அத்தா வந்து நின்றார். பெரம்பூர் அணித் தலைவன் செல்வம், ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காரன், பெஞ்சில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இன்னா, தோத்துடுவோம்னு மெஷினையே படுக்கப் போட்டுட்டீங்களா?"

அன்வர் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "எங்க வூட்ல ஒரு அசல் கீது, பாக்ஸிங் கேம். எந்த அசலா இருந்தாலும் தொறக்கும்ல? இரு, வந்துர்றேன்."

என் சைக்கிளில் போனான். ஒன்றேகால் மணி நேரம். நான் நோட்டைத் திறக்கவில்லை.

செல்வம் கொண்டுவந்த வட்டில் மெஷின் திறந்தது. ஐந்துக்கு ஒன்று என்று எங்களை அடித்தார்கள். கிளம்பும்போது அன்வர் வட்டை நீட்டினான். செல்வம் வாங்கவில்லை.

"வச்சிக்கோ. அடுத்த ஞாயிறும் உங்கள அடிக்கணும்ல?"

அந்த வட்டால் கடை இன்னும் மூன்று வருடம் ஓடியது.

அந்தப் பூட்டால் யாருக்கு லாபம் என்று இன்றும் யோசிக்கிறேன். நகல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒன்றுதான் செத்தது. அதற்கு மாற்றாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாலும் அதே பூட்டு அதை அசலாக ஏற்றிருக்காது. விளையாட்டைச் செய்கிறவர்களும் சாப்பிட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இப்போது வாங்கியே ஆடுகிறேன்.

அந்த முன்னறையில் இன்று மருந்துக்கடை. அன்வர் ஷார்ஜாவில் இருக்கிறான். போன வெள்ளிக்கிழமை பேசும்போது, "உன்கிட்ட எத்தினி கேம் கீது?" என்றான். முப்பது என்றேன். "அப்ப ஒண்ணு குடு மாமு, ஆடிட்டுத் தர்றேன்" என்றான். முப்பதும் இணையக் கணக்கில் என் பெயரில்தான் இருக்கின்றன; வட்டு என்று ஒன்றும் இல்லை. ஒன்றைக்கூட எடுத்து அவன் கையில் கொடுக்க முடியவில்லை.