அவள் சாகவில்லை

கோலார் தங்கவயலில், நான் பொறுப்பாளனாக இருந்த ஆண்டர்சன்பேட்டை வாசகசாலைக்கு மாலைதோறும் ஒருவர் வருவார். சுரங்கத்தில் வெடி வெடித்துப் பார்வை போனவர். கதை வாசிக்கச் சொல்லி, முழங்காலைத் தடவியபடி கேட்பார். ஒருநாள், வீட்டுக்குப் போகும் அவசரத்தில், கதையில் வந்த பெண் செத்துப்போனதாக நானே சொல்லி, பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் வந்து சொன்னார்: "இங்க கேக்கறத எங்க லைன் வூடுங்கள்ல எல்லாருக்கும் சொல்லுவேங்க. நேத்து பொம்பளைங்க சோறு துன்னல. அவ இன்னா தப்பு பண்ணா?"

"அவ சாகலீங்க. நான்தான் பொய் சொன்னேன்," என்றேன்.

அவர் உடனே கோலைத் தேடி எழுந்தார். "மொதல்ல அத அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன். மீதிய அப்பறம் படிங்க."

என்னைக் கடிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வாசகசாலையைப் பூட்டாமல் காத்திருந்தேன். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாதென்பதும் ஆறுதலாக இல்லை.