தோல் துண்டில் ஒரு வார்த்தை

தாராவியில் தோல் பை தைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அவரை எனக்குக் காலை லோக்கல் ரயிலில் மட்டும்தான் தெரியும். நரைத்த குறுந்தாடி, பசை காய்ந்த விரல்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தோல் துண்டு இருக்கும். அதில் பால்பாயிண்ட் பேனாவால் கடினமான ஆங்கில வார்த்தை ஒன்று. கடைசி ஸ்டேஷனான வி.டி. வருவதற்குள் அதை யாரிடமாவது பொருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் மறுநாள் புது வார்த்தை. அவராகப் போட்டுக்கொண்ட சட்டம் அது.

ஒரு நாள் துண்டைக் காட்டினார். 'மேக்னானிமஸ்.'

"பெருந்தன்மையான ஆளைச் சொல்லுததாம் சார். நாலு நாளா இதோட அலையுதேன். இந்தக் கூட்டத்துல யார்கிட்ட போய்ச் சொல்லுதது?"

அன்று எனக்குக் காலில் சுளுக்கு. மூன்று பேர் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து நாலாவது ஆளுக்கு இடம் விடுவது பம்பாய் ரயிலின் வழக்கம். ஆனால் ஓரத்தில் இருந்தவர் பேப்பரை விரித்துக்கொண்டு அசையவே இல்லை. கேட்க எனக்குக் கூச்சம்.

தோல் பைக்காரர் என் காலைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! ப்ளீஸ் பி மேக்னானிமஸ்!"

பெட்டியே திரும்பியது. பேப்பர் மெல்ல இறங்க, பின்னாலிருந்த முகம் சிரித்தது. மூவரும் நகர்ந்தார்கள், நான் உட்கார்ந்தேன்.

"ஆயிட்டு சார், ஆயிட்டு! நாளைக்குப் புதுசு!" தோல் துண்டை என் கையில் திணித்துவிட்டு, வி.டி.யில் ரயில் நிற்பதற்குள் குதித்து ஓடினார்.

நான் பி.ஏ. இங்கிலீஷ். அந்த வார்த்தையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அதை வைத்து இதுவரை ஒருவரையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தியதில்லை.