நடு ஓட்டை

அக்காவின் நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்தவர், ஸ்டேஷன் பக்கம் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவர். "குதிரைக்குத் தைக்கிற கை இது, நாய்க்குத் தைக்கச் சொல்றீகளே" என்று அலுத்துக்கொண்டேதான் அளந்தார். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் நுழைந்தால் தலை வழியே கழன்றுவிடும் என்றார். நடு ஓட்டையில் மாட்டி, தன் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் அக்கா வாங்கினாள். நாய் பிடிக்கிற வண்டி திண்டுக்கல் தெருக்களில் அலைந்துகொண்டிருந்த சமயம். பட்டை இருந்தால் வீட்டு நாய். இல்லையென்றால் வண்டிக்குள்.

அடுத்த வருஷம் அக்காவை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தோம். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. காலேஜ் ஜம்பம் எல்லாம் பறந்துபோய் நான்தான் அழுதேன்.

"தீபாவளிக்கு நான் வாரப்ப இது இப்பிடியே இருக்கணும்ப்பா" என்று மட்டும், கூட வந்திருந்த நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

அன்றிலிருந்து நாய் சோற்றை மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கறிச்சாறு ஊற்றிப் பிசைந்து வைத்தும் தொடவில்லை. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் மட்டும் சங்கிலியை இழுத்துக்கொண்டு நிற்கும். பட்டை மாப்பிள்ளை மாலை மாதிரி தொங்குகிறது என்று கிண்டலடித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கடைசி ஓட்டைக்கு வந்தும் தொளதொளக்கிறது, புதிதாக ஓர் ஓட்டை போடுங்கள் என்று அப்பாவை நச்சரித்தாள். ஒருநாள் அப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்தார். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே வைத்துவிட்டார்.

"புது ஓட்டை போட்டா, அது இனி திங்காதுன்னு நாமளே முடிவு கட்டின மாதிரி. தேறிரும், பொறு."

பொறுத்தோம். ஒரு சாயங்காலம் சங்கிலி நுனியில் பட்டை மட்டும் கிடந்தது, மாட்டின பக்கிள் கழலாமல். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆயக்குடி பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்த நாயை வண்டிக்காரர்கள் பிடித்துப் போனதாகப் பூக்காரம்மா சொன்னாள். நானும் அப்பாவும் இடம் விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தீபாவளிக்கு அக்கா ஒரு கூடை கொய்யாவோடு வந்தாள். கடுதாசியில் நாங்கள் யாரும் எழுதியிருக்கவில்லை. வாசலில் நின்று நாக்கைச் சொடுக்கி நாயைக் கூப்பிட்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பாதான் சொன்னார், ஆணி எடுத்ததையும் வைத்ததையும் விடாமல்.

அக்கா பட்டையைக் கேட்டு வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

"கடைசி ஓட்டையிலயுமா நிக்கல?"

"நீ இருந்தப்ப நடு ஓட்டையிலயே சரியா நின்னுச்சும்மா" என்றார் அப்பா.