இருபது வீட்டுப் பொங்கலும் ஒரு மாடும்

செல்லாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் முடியாது. ஆனால் அவள் பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான்.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் இரண்டு வீடும் ஒரே லயத்து வரிசையில், நடுவில் ஒரு சுவர்தான். புருஷன் செத்த பிறகு ரப்பர் பால்வெட்டோடு ஒரு செவலை மாட்டையும் வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தாள். அந்த மாடு போனால் மகள் படிப்பும் போச்சு. என்னிடம் மயிலை ஒன்று இருந்தது. லயத்தில் மொத்தம் பதினெட்டு மாடு.

எழுபத்தேழில், புதிதாக நட்ட ரப்பர் கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிட்டன என்று துரை தாம்தூம் என்று குதித்தார். செல்லாயி துரை பங்களாவுக்குப் பால் ஊற்றுகிறவள். பால் செம்போடு போனவள் எங்கள் எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு வந்தாள். அவள் மாடும் சேர்ந்துதான் மேய்ந்தது, அதை மட்டும் சொல்லவில்லை. துரை உத்தரவில் ஒரே வாரத்தில் பதினேழு மாடும் கசாப்புக்காரர் லாரியில் ஏறின. மயிலை ஏறமாட்டேன் என்று காலை ஊன்றியது. நானே வாலை முறுக்கி ஏற்றினேன். அந்தப் பாவி சுவருக்கு அந்தப் பக்கம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து மாட்டுப் பொங்கல் வந்தது. படைத்த பொங்கலை மாட்டுக்கு ஊட்டாமல் நாம் எப்படித் தின்பது? மாடு இருந்ததோ ஒன்றே ஒன்று. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இருபது வீடும் அவள் கொட்டகைக்குப் போனோம். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வாழைப்பழம் என்று இலை இலையாகச் செவலை தின்றது. செல்லாயிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊட்டுங்கக்கா, ஊட்டுங்க! எல்லாரும் பழச மறந்துட்டீங்க லா," என்று கண் கலங்கினாள்.

நான் ஒன்றும் மறக்கவில்லை. மாடு என்ன பாவம் செய்தது என்று இரண்டு உருண்டை கூடவே ஊட்டினேன்.

மறுநாள் காலை மாடு அசைபோடவில்லை. சாணி தண்ணீராய்ப் போனது, கள்ளு மாதிரி புளித்த வாடை. தள்ளாடித் தள்ளாடிப் படுத்துவிட்டது. எதிர்வீட்டு ராமையா மோட்டார் சைக்கிளில் போய் மாட்டு டாக்டர் ஸ்கந்தராஜாவை அழைத்து வந்தார். அவர் யாழ்ப்பாணத்து வழி. சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார்.

"இதின்ர வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் கோடிக்கணக்கில இருக்கு. புல்லைச் செமிக்க வைக்கிறது அதுகள்தான். இவ்வளவு சோறும் சர்க்கரையும் போய்ப் புளிச்சு, அதுகள் செத்துப்போச்சு. நல்ல மாட்டின்ர வயித்துத் தண்ணி எடுத்து இதுக்குப் பருக்கினால் பிழைக்கக்கூடும். பக்கத்தில வேற மாடு நிக்குதோ?"

ராமையா பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிப் பார்த்தார். அங்கேயும் அதே கம்பெனி, அதே உத்தரவு. வெறுங்கையோடு வந்தார்.

"இருந்துச்சு ஐயா," என்றாள் செல்லாயி. "பதினேழு மாடு இருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "காளியம்மாக்கா, உங்க மயிலை இருந்திருந்தா, எனக்குத் தண்ணி எடுக்க விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேண்டி," என்றேன். "நீ கேக்கவே வேணாம்."

சாயங்காலத்துக்குள் செவலை செத்தது. இப்போது செல்லாயி ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறாள். மகள் பக்கத்தில் நின்று துடைக்கிறாள்.

விட்டிருக்க மாட்டேன் என்று அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எப்படியும் மாடு பிழைத்திருக்காது என்று அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை.