சாம்பலார் கழித்துவிட்ட கோழிகள்

மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவர் பிழைப்பு. சாம்பல் நிறக் கோழி அவர் பைத்தியம். அதனால் தெருவே அவரைச் சாம்பலார் என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது.

சாதாரணப் பைத்தியம் இல்லை. கொல்லையில் ஒரே ஒரு கருப்புக் கோழி திரிந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கழுத்து முதல் வால் வரை ஒரே சாம்பலாக, கொல்லை நிறையக் கோழி வேண்டும். கேட்டது இவ்வளவுதான், கிடைத்தால்தானே. சாம்பல் சேவல், சாம்பல் பெட்டை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து அடை வைப்பார். பொரிப்பதில் பாதிதான் சாம்பலாக இருக்கும். மிச்சத்தில் கொஞ்சம் கருப்பு, கொஞ்சம் அழுக்கு வெள்ளை. அந்த வெள்ளை வளர்ந்தால், மைப்பேனாவை உதறியதுபோல் உடம்பெல்லாம் கறை.

“சாம்பலும் சாம்பலும் சேர்ந்தா கருப்பு எங்கிருந்துடி வரும்?” என்று மனைவியைக் கேட்டார்.

“என்னைக் கேட்டா? நானா முட்டை போட்டேன்?”

கழித்ததில் ஒரு கருப்புச் சேவலையும் இரண்டு கறை வெள்ளைப் பெட்டைகளையும் அடுத்த தெருவிலிருந்த தங்கையிடம் தள்ளிவிட்டார். “முட்டைக்காவது ஆகும், வெச்சுக்கோம்மா” என்றார், ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பவர்போல. அப்பா அம்மா போன பிறகு கூடப் பிறந்தவள் என்று அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான். தினமும் சாயங்காலம் வந்து, அண்ணியோடு அரட்டை அடித்துவிட்டு, அண்ணன் தலையில் ஒட்டியிருக்கும் செம்புக் கம்பித் துணுக்கைத் தட்டிவிட்டுத்தான் கிளம்புவாள்.

சில மாதம் கழித்து, தங்கை வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்தது என்று பார்க்கப் போனார். கொல்லைப்பக்கம் திரும்பியவர் கையிலிருந்த ஸ்பேனரைத் தவறவிட்டார். கறை வெள்ளைப் பெட்டை ஒன்று குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் சாம்பல். ஒன்றுகூடக் கருப்பில்லை, ஒன்றுகூட வெள்ளையில்லை.

“மாப்பிள்ளை, இது எங்க வீட்டு முட்டைதானே?”

பள்ளி வேன் ஓட்டும் மாப்பிள்ளை அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “என்ன மச்சான் சொல்றீங்க? நீங்க குடுத்த கோழி போட்ட முட்டை.”

“கருப்புக்கும் கறைக்கும் சாம்பல் பொறக்குமா? நாங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ கூண்டுச் சாவி உங்ககிட்டத்தானே இருந்துச்சு. முட்டையை மாத்தி வெச்சிருக்கீங்க.”

மாப்பிள்ளை கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தங்கைதான் பேசினாள். “அண்ணே, மோட்டார் அப்படியே இருக்கட்டும். நீ கெளம்பு.”

மறுநாள் காலையில் அவர் வாசலில் ஒரு கூடை இருந்தது. உள்ளே கருப்புச் சேவலும் கறை வெள்ளைப் பெட்டைகளும். அன்று சாயங்காலம் தங்கை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மனைவி தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததுகள் தன் சாம்பல்களோடு கலந்துவிடக் கூடாதே என்று, பழைய குளியலறையில் தனியாக விட்டுப் பூட்டுப் போட்டார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பெட்டைகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் தீனி போடக் கதவைத் திறந்தார். பெட்டையின் இறக்கைக்கு அடியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் சாம்பல். ஒன்றையும் விடாமல் வெளியே எடுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடுப்பைத் தடவினார், சாவி இருந்தது. இப்போது யாரைத் திருடன் என்பது?

எந்தக் கம்பியை எங்கே கொடுத்தால் விசிறி எந்தப் பக்கம் சுற்றும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இது மட்டும் பிடிபடவில்லை. ஆசையாக வைத்துக்கொண்ட சாம்பலைச் சேர்த்தால் பாதி; வேண்டாமென்று தள்ளிய இரண்டையும் சேர்த்தால் முழுக்கச் சாம்பல். இது என்ன கணக்கோ, குழம்பிப் போனார். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று கருப்பும் வெள்ளையும் சேர்ந்தால்தான் சாம்பல் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. தங்கை பொய் சொல்லவில்லை என்பது மட்டும் குழப்பமில்லாமல் தெரிந்தது. அது தெரிந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார்.

பெட்டையையும் குஞ்சுகளையும் அதே கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். தங்கைதான் கதவைத் திறந்தாள். அவர் கூடையின் மூடியை எடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

“எப்படிண்ணே?”

“தெரியலம்மா. சத்தியமா தெரியல. மாப்பிள்ளை மேல தப்பு இல்ல, அவ்வளவுதான் தெரியுது.”

“இதுங்க கருப்பாப் பொறந்திருந்தா நீ வந்திருப்பியா?”

ஆமாம் என்று சொல்லத்தான் சாம்பலார் வாயைத் திறந்தார்.

“வந்திருக்க மாட்டேம்மா” என்றார்.

அவள் தலையாட்டினாள். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரச் சொல்கிறாளா, கை நிறையக் கூடை இருந்ததால் சாத்தவில்லையா என்று புரியாமல், செருப்பைப் பாதி கழற்றியபடி அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.