சந்தேகத்துக்கு மன்னிப்பு

ரெகினா ரோசன் மாதிரி பிடிவாதம் பிடித்த மனுஷியை நான் கண்டதில்லை. வாரத்துக்கு ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு அதைத் திருத்துவார். பொறுமை வாரம் என்றால், டிராம் எவ்வளவு தாமதமானாலும் முகம் சுளிக்காது. நாக்கைக் காக்கும் வாரத்தில் யாரைப் பற்றியும் ஒரு சொல் வராது. வம்பு கேட்க ஆசையாகப் போன நான் வெறும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். யூதக் குடும்பம். அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கமாம்.

அறுபத்தேழில் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் நாங்கள் எதிரெதிர் வீடு, நாலாவது மாடி. என் கணவர் சேதுராமன் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரெகினா நாஜிகள் காலத்தில் சிறுமியாக லண்டனுக்குத் தப்பிப்போய், நடுவயதில் அதே தெருவுக்குத் திரும்பி வந்தவர். வீட்டிலேயே துணி தைத்துப் பிழைத்தார். “பொறந்த தெருவுல இருந்து சாகறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?” என்பார்.

அந்தக் கோடையில் அவர் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் யாரோ மூச்சு விடுவார்கள். பிறகு பெயர்ப் பலகையில் கீறல் விழுந்தது. ஒருநாள் காலையில் அவருடைய வாசல் நிலையில் இருந்த மெசூசாவைக் காணோம். விரல் நீளத்துக்கு ஒரு தகரக் குழல், உள்ளே பிரார்த்தனை வரிகள் எழுதிய சின்னச் சுருள், வெளியே தெரியாது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். இப்போது ஆணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

“காவல்காரன் வெண்ட்தான்” என்றேன். கீழ்வீட்டில் இருந்து மாடிப்படியைக் கவனித்துக்கொள்பவன் அவன். ரெகினா வருவதைக் கண்டால் சீட்டியடிப்பதை நிறுத்திவிடுவான். அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

“நீங்க பாத்தீங்களா, பாமா?”

“இல்ல.”

“அப்ப சொல்லாதீங்க.”

காணாமல் போனதைப் பற்றி அவர் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் யூதர்கள் முழுப்பட்டினி இருந்து பாவமன்னிப்பு கேட்கும் நாள் வரும். அதற்கு முன்பு, மனிதருக்குச் செய்த தவறுக்கு அந்த மனிதரிடமே போய் மன்னிப்பு கேட்க வேண்டும். கடவுள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள மாட்டாராம். ரெகினா நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்து நின்றார்.

“மனசுக்குள்ள நானும் அந்தக் காவல்காரரைத் திருடனாக்கிட்டேன். மன்னிப்பு கேக்கப் போறேன்.”

“உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சா?”

“அவர் செய்யலைன்னா தப்பு என்னுதுதானே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

வெண்ட் கதவைத் திறந்தான். ரெகினா எதையும் விவரிக்கவில்லை. “உங்களைப் பத்தி மனசுல தப்பா நெனைச்சுட்டேன். மன்னிக்கணும்” என்றார், அவ்வளவுதான்.

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இதமாகச் சிரித்தான். “பரவாயில்லைம்மா. ஒரு சின்னச் சுருளுக்குப் போய் இவ்வளவா? விரிச்சுப் பாத்தா, படிக்கக்கூட முடியாத எழுத்து.”

ரெகினா நன்றி சொல்லிவிட்டு ஏறினார். இரண்டாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா ஒவ்வொருத்தருக்கும் ஒரு நல்ல காரணம் தேடித் தருவார். கடைசில அவரைப் பிடிச்சுட்டுப் போக எங்க வீட்டுக்கு வந்தவங்களுக்கும் தேடினார். பாவம், குளிர்ல வந்திருக்காங்க, காப்பி போடுன்னு அம்மாகிட்ட சொன்னார்.”

பக்கத்தில் உட்கார்ந்து, “அடுத்த வாரம் எந்தக் குணம்?” என்று கேட்டேன்.

“பயம்.”

“அதை விடப்போறீங்களா?”

“இல்ல. அது சொல்றதைக் கேக்கப் பழகணும்.”

பட்டினி நாள் முடிந்ததும் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். லண்டனில் இருக்கும் தம்பியிடமே போய்விடப் போகிறாராம். “அந்தக் காவல்காரனுக்கு விட்டுக் கொடுத்துட்டுப் போறீங்களே” என்று அழுதுகொண்டே சண்டை போட்டேன். அவர் ரவிக்கைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். போகும்போது பழக்க தோஷத்தில் அவர் கை வெறும் நிலையைத் தொட்டது.

அன்றே வெண்ட் வந்து ஓட்டைகளை அடைத்து வர்ணம் பூசினான். சீட்டி திரும்பிவிட்டது. முடித்துவிட்டு எங்கள் வாசலைப் பார்த்தான். மாவிலை போலத் துணியில் தைத்த தோரணம், ஊரிலிருந்து வந்தது.

“இது உங்க சாமி சமாச்சாரமா? ஆணியிலா மாட்டியிருக்கு?” என்று கேட்டான்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“சும்மா க்யூரியாசிட்டியில கேட்டிருப்பார். நல்ல மனுஷன்தான், நாள் பூரா குளிர்ல நிக்கறார். கூப்பிட்டு ஒரு காப்பி குடேன்.”

“காப்பி கிடையாது!” என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.